நோட்டீசின் பின்பக்கம்

நாமக்கல் வட்டாரத்தில் இன்சூரன்ஸ் பற்றி யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. லாரியும் போர்வெல் ரிக் வண்டியும் சோறு போடும் ஊர்கள். 'தேர்டு பார்ட்டி' இல்லாமல் வண்டி ரோட்டுக்கு வரக் கூடாது என்கிறது 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு. அந்தப் பிரிவு எண் தெரியாதவருக்கும் விஷயம் தெரியும். வண்டி குஜராத்தில் நின்றாலும் அசாமில் நின்றாலும் பாலிசி கூடவே போகும். எல்லா பாலிசியும் அப்படித்தான் என்ற நம்பிக்கையே ஒரு கபடிப் போட்டிக் குழுவை என் வக்கீல் அலுவலகத்துக்குக் கொண்டுவந்தது.

ராசிபுரம் பக்கம் மூன்று நாள் மின்னொளிக் கபடிப் போட்டி. லீக் ஆட்டங்கள் முதல் இரண்டு நாளும் பள்ளி மைதானத்தில். கடைசி நாள் அரையிறுதியும் இறுதியும் பள்ளிபாளையம் பக்கத்தில், முதல் பரிசு கொடுத்த ரிக் முதலாளியின் காலி இடத்தில். மேட், கேலரி, விளக்குக் கம்பங்கள், ஜெனரேட்டர் எல்லாமே வாடகைதான். இரண்டாம் நாள் இரவோடு இரவாக லாரியில் ஏற்றி மாற்றினார்கள். மூன்றாம் நாள் மாலை, கோடைமழைக்கு முன்னால் வரும் சூறைக்காற்று. விளக்குக் கம்பம் ஒன்று கேலரி மேல் சாய்ந்து, ஒரு விசைத்தறித் தொழிலாளிக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

இன்சூரன்ஸ் கம்பெனி ஒரே வரியில் கையை விரித்துவிட்டது. போட்டிக்காகக் குழு எடுத்திருந்த பாலிசியில் நிகழ்விடம் என்று இருப்பது பள்ளி மைதானம். விபத்து நடந்தது வேறு இடம்.

"கம்பம் நட்டது பந்தல்காரருங்க சார். அவரு மேல போட்டுரலாமுங்களா?" என்று கேட்டார் குழுச் செயலாளர். முடியாது என்றேன். மீரட்டில் 2006 ஏப்ரல் 10 அன்று, நுகர்பொருள் கண்காட்சியின் கடைசி நாளில் தீப்பிடித்து 65 பேர் இறந்தார்கள். அமைப்பாளர்கள் ஒப்பந்தக்காரரைத்தான் கைகாட்டினார்கள். உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இழப்பீட்டில் 60 விழுக்காடு அமைப்பாளர்கள், 40 விழுக்காடு மாநில அரசு என்று 2022-ல் தீர்ப்பளித்தது. கூட்டத்தைக் கூட்டியவர்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். அது சரியான சட்டம் என்றே நினைக்கிறேன்; அடிபட்டவர் யாரை நம்பி டிக்கெட் வாங்கினார்?

ஆகவே பாலிசியை விட்டால் குழுவுக்கு வேறு வழியில்லை. விண்ணப்பத்தில் இடத்துக்கு இருந்தது ஒரே கட்டம். ஏஜென்ட் அதில் பள்ளியின் பெயரை எழுதிவிட்டார்.

"போட்டி நோட்டீசையுஞ் சேத்துத்தான் குடுத்தமுங்க சார்" என்றார் செயலாளர்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டேன். கம்பெனி தன் கோப்பை முழுதாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போட்டேன். வந்த கோப்பில், விண்ணப்பத்தோடு பின் குத்தியபடி அந்த மஞ்சள் நோட்டீஸ் இருந்தது. முன்பக்கம் முழுக்க நன்கொடையாளர் படங்கள். பின்பக்கம் நிகழ்ச்சி நிரல்: மூன்றாம் நாள், பள்ளிபாளையம், இடத்தின் அடையாளத்தோடு. அதன்மேல் கம்பெனியின் வரவு முத்திரை, பாலிசி எழுதுவதற்கு முந்தைய தேதியில்.

எதிர்த்தரப்பு வக்கீல் 1966-ம் ஆண்டின் சந்துமல் ஜெயின் வழக்கைக் காட்டினார். எவ்வளவு நியாயமாகத் தோன்றினாலும் ஒப்பந்தத் தரப்பினருக்காக நீதிமன்றம் புது ஒப்பந்தம் எழுதித் தராது என்று அதில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது. நல்ல தீர்ப்பு, நானும் அதையே ஏற்றுக்கொண்டு வாதாடினேன். எழுதிய ஒப்பந்தத்தை முழுதாகப் படியுங்கள் என்றுதான் கேட்டேன். விண்ணப்பமே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று பாலிசியே சொல்கிறது. காப்புக்காலம் மூன்று நாள். மூன்றாம் நாளுக்கும் பிரீமியம் வாங்கியாயிற்று. அன்று பள்ளி மைதானத்தில் ஆட்டமே இல்லை. அப்படியானால் எதற்குக் காப்பு? வெறும் மைதானத்துக்கா?

தொழிலாளிக்கான இழப்பீட்டைக் கம்பெனி பாலிசி வரம்புக்குள் தர வேண்டும் என்று உத்தரவானது. பணம் தாமதமாகத்தான் வந்தது. அவர் அதற்குள் தறி ஓட்டும் வேலையை விட்டிருந்தார்.

இதோடு இன்னொரு கோரிக்கையும் இருந்தது. இடம் மாற்றிய இரவில் லாரியிலிருந்து சரிந்து ஜெனரேட்டர் உடைந்திருந்தது. ஆணையம் அதைத் தள்ளியது. இரு மைதானங்களுக்கும் பாலிசி உண்டு, இடையிலுள்ள ரோட்டுக்கு இல்லை. சரக்குப் போக்குவரத்துக்குத் தனிக் காப்பு எடுத்திருக்க வேண்டும். நோட்டீசிலும் அந்த ராத்திரிப் பயணம் இல்லை. மேல்முறையீடு வேண்டாம் என்று சொன்னேன். ஜெனரேட்டர்காரருக்கு உரிய பணத்தைக் குழு மூன்று தவணையில் கட்டி முடித்தது.