பானையைச் சுற்றி வந்த பெண்

சக்கரம் சுற்ற, உட்கார்ந்த இடத்தில் பானை வனைவதைப் பார்த்திருப்போம். நைஜீரியாவைச் சேர்ந்த லாடி குவாலி வனையும்போது பானை அசையாமல் நிற்கும். அவர்தான் அதைச் சுற்றி வருவார். அதுவும் பின்பக்கமாக அடியெடுத்து வைத்து!

1925 வாக்கில், மத்திய நைஜீரியாவில் குவாலி என்ற கிராமத்தில் பிறந்தவர் இவர். 'லாடி' என்றால் ஹவுஸா மொழியில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தவள் என்று அர்த்தம். அதோடு ஊர்ப் பெயரும் சேர்ந்துகொண்டது.

அவருடைய குவாரி இனத்தில் பானை செய்வது பெண்களின் வேலை. தண்ணீர் பிடிக்க, சமைக்க, தானியம் சேர்த்து வைக்க எல்லாவற்றுக்கும் மண்பாண்டம்தான். பள்ளிக்கூடம் போகாத சிறுமி லாடி, உறவுக்காரப் பெண்மணி ஒருவரிடம் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார்.

களிமண் உருண்டையை முஷ்டியால் குடைந்து அடிப்பாகம் செய்ய வேண்டும். பிறகு மண்ணைக் கயிறுபோல் உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, சுவரை எழுப்ப வேண்டும். வழவழப்பாக்கியதும் லாடி அதில் பல்லி, பாம்பு, தேள், முதலை என்று கீறி வரைவார். கடைசியில் திறந்த வெளியில் விறகும் காய்ந்த புல்லும் அடுக்கிச் சுட்டெடுப்பார்கள். லாடியின் பானைகள் சந்தைக்குப் போகும் முன்பே விற்றுவிடும் என்று அவருடைய சகோதரர் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

அப்படி விற்ற சில பானைகள் அபுஜா அமீரின் அரண்மனைக்கும் போய்ச் சேர்ந்தன. (அன்றைய அபுஜாதான் இன்றைய சுலேஜா.) 1950-ல் அங்கே வந்த மைக்கேல் கார்டியூ என்ற ஆங்கிலேயக் குயவர் அவற்றைப் பார்த்து அசந்துபோனார். பிறகு அதே ஊரில் அவர் மண்பாண்டப் பயிற்சி மையம் தொடங்கினார். 1954-ல் லாடி அங்கே சேர்ந்தார். ஆண்கள் மட்டுமே இருந்த இடத்தில் அவர்தான் முதல் பெண்!

அங்கே சக்கரத்தில் வனையவும் கற்றுக்கொண்டார். ஆனால் பெரிய ஜாடிகளை மட்டும் ஊரில் செய்த அதே முறையில், கையாலேயே செய்தார். மாறியது, சுடும் விதம். திறந்த நெருப்புக்குப் பதில் 1,200 டிகிரிக்கும் மேல் சூடேறும் சூளை. மேலே கண்ணாடிபோல் பளபளக்கும் கிளேஸ் பூச்சு. பல்லியும் முதலையும் அந்தப் பச்சைப் பளபளப்புக்குள்ளே புதிதாய்த் தெரிந்தன.

1958-ல் அவை லண்டன் கண்காட்சிக்குப் போயின. 1962-ல் பிரிட்டிஷ் அரசின் எம்.பி.இ. விருது கிடைத்தது. 1972-ல் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய், மக்கள் முன்னால் பானையைச் சுற்றி நடந்து செய்து காட்டினார். 1977-ல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. 1984-ல் அவர் மறைந்தார். இன்று நைஜீரியாவின் 20 நைரா நோட்டின் பின்பக்கத்தில் அவர் படம் இருக்கிறது.

இதில் யோசிக்க ஒரு விஷயம் உண்டு. ஊரில் சுட்ட பானையில் நுண்ணிய துளைகள் இருக்கும். தண்ணீர் மெல்லக் கசிந்து ஆவியாகும். உள்ளே இருப்பது குளிரும். கிளேஸ் பூசிச் சுட்ட ஜாடி கசியாது. அதனால் குளிர வைக்கவும் செய்யாது. கண்ணாடிப் பெட்டிக்குள் போன ஜாடி, தாகம் தீர்க்கும் வேலையை விட்டுவிட்டது. வேலை போனதும் அதற்குக் 'கலை' என்று பெயர் வந்தது.

ஆனால் கையும் நடையும் கோடுகளும் குவாலி கிராமத்தில் வந்தவைதானே? சந்தையில் அவருடைய பானைக்காகக் காத்திருந்த பெண்களுக்கு அது முன்பே தெரியும். சமையலுக்கும் தண்ணீருக்கும் ஒரு பானை வேண்டும் என்றால் எதை வேண்டுமானாலும் வாங்கியிருக்கலாம். அவர்கள் தேடி வாங்கியது, லாடி கீறிய பல்லி இருக்கும் பானையை.