கைகூப்பினார் பாட்டி, கை நீட்டினாள் அக்கா

"அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்பது பழமொழி. சென்ற ஜூலை மாதம் வரை நானும் அதை முழுமையாக நம்பியிருந்தேன். முகத்தைப் பார்த்தால் மனத்தைப் படித்துவிடலாம், கையசைவைக் கண்டால் கருத்தை அறிந்துவிடலாம், இதற்கெல்லாம் பாடமும் பயிற்சியும் எதற்கு என்பது என் எண்ணம். டொராண்டோவில் பிறந்து வளர்ந்த என் அத்தை மகள் விடுமுறைக்கு எங்கள் சாந்தோம் வீட்டிற்கு வந்தாள். அவள் தங்கியிருந்த ஒரு மாதத்தில் என் எண்ணம் தலைகீழாக மாறிவிட்டது.

அக்கா தமிழ் நன்றாகவே பேசுவாள். ஆகவே எங்களுக்குள் எந்தத் தொல்லையும் வராது என்றுதான் அனைவரும் நினைத்தோம். முதல் தொல்லை மயிலாப்பூர் மாட வீதியிலேயே தொடங்கியது! மாதா சுரூபத்திற்குப் பூ வாங்கச் சென்றோம். "ரெண்டு முழம் நாற்பது ரூபாய்க்குத் தருவீங்களா?" என்று அக்கா கேட்டாள். பூக்கார அம்மா தலையை இப்படியும் அப்படியுமாகச் சாய்த்து ஆட்டினார். அக்காவின் முகம் வாடியது. "இல்லையாம், வா" என்று நடக்கத் தொடங்கினாள். "தர்றேன்னு சொல்லிட்டேனே பாப்பா, எங்க போற?" என்று அந்த அம்மா பின்னாலிருந்து கூவினார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். தலையைத் தோள்பக்கம் சாய்த்தால் 'சரி' என்பது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். அவளுக்கோ தலை பக்கவாட்டில் அசைந்தாலே 'இல்லை' என்றுதான் பொருள்.

சிரிப்பதற்குரிய நிகழ்ச்சிகள் அத்துடன் முடிந்தன. ஒரு நாள் மாலை, பனியில் வழுக்கி விழுந்து கை முறிந்த கதையை அக்கா பாட்டியிடம் சொன்னாள். பாட்டி மனம் பொறுக்காமல் 'ச்சு, ச்சு' என்று உச்சுக் கொட்டினார். அக்கா கதையைப் பாதியில் நிறுத்திவிட்டாள். "கை உடைஞ்சது என் தப்பா? பாட்டி ஏன் கண்டிக்கிறாங்க?" என்று இரவு என்னிடம் கேட்டாள். அவள் எதைச் சொல்கிறாள் என்றே எனக்குப் புரியவில்லை.

மறுவாரம் அக்கா காலணியுடன் செப அறைக்குள் நுழைந்துவிட்டாள். பாட்டி கடிந்துகொண்டார். நானாக இருந்தால் தலையைக் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். அக்காவோ பாட்டியின் கண்களையே நேராகப் பார்த்தபடி நின்றாள். பாட்டி என்னைத் தனியே அழைத்து, "என்னடி இப்படி முறைக்கிறா? ஊருல எல்லாரும் இப்படித்தானா?" என்று கேட்டார்.

அப்போது நான் செய்ததை இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. உறவினர் அனைவரும் அக்காவையே புகழ்ந்து கொண்டிருந்த நாட்கள் அவை. "அவளுக்குத் திமிர் பாட்டி" என்று சொல்லிவிட்டேன். ஒரே ஒரு சொல்! அன்றிலிருந்து பாட்டி அக்காவுடன் அளந்துதான் பேசினார். அக்காவும் பாட்டியின் அறைப்பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிறு, சாந்தோம் பேராலயத்தில் திருப்பலிக்குச் சென்றோம். சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரம் வந்தது. அக்கா பாட்டியின் பக்கம் திரும்பி வலக்கையை நீட்டினாள். அதே நேரத்தில் பாட்டி கைகூப்பித் தலை வணங்கினார். நீட்டிய கை காற்றில் நின்றது. அக்கா அதை மெதுவாக இழுத்துக்கொண்டாள். சமாதானம் சொல்ல வேண்டிய அந்த நொடியில் அவள் கண்கள் கலங்கியதை நான் கண்டேன்.

திங்கட்கிழமை நன்னெறி வகுப்பு முடிந்ததும் எங்கள் சிஸ்டரிடம் அனைத்தையும் கூறினேன். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. "உன் பாட்டி செய்த வணக்கத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது தெரியுமா?" என்று கேட்டார். நம் ஆயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், 1969-ஆம் ஆண்டு உரோமை இந்தியத் திருவழிபாட்டிற்கு 12 மாற்றங்களை அனுமதித்ததாம். ஒரு காலை மடித்து முழந்தாளிடுவதற்குப் பதிலாகக் கைகூப்பித் தாழ வணங்கலாம். புனிதப் பொருள்களை முத்தி செய்வதற்குப் பதிலாகக் கையால் தொட்டுக் கண்ணிலோ நெற்றியிலோ ஒற்றிக்கொள்ளலாம். மெழுகுதிரிக்குப் பதில் எண்ணெய் விளக்கு ஏற்றலாம். சமாதானத்தைக் கைகூப்பிப் பகிர்ந்துகொள்ளலாம். "ஐரோப்பியரின் உடல்மொழியிலேயே பல நூற்றாண்டுகள் வழிபட்ட திருச்சபை, நம் உடல்மொழியையும் ஏற்றுக்கொண்டது. நீ ஒரு அக்காவின் மொழியைக் கற்கக் கூடாதா?" என்றார் சிஸ்டர்.

அந்தக் கேள்வி என்னை நூலகத்திற்கு அனுப்பியது. பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை' என்றும், பக்கவாட்டில் அசைத்தால் 'ஆம்' என்றும் பொருளாம்! துருக்கியிலும் கிரேக்க நாட்டிலும் தலையை மேலே உயர்த்தி 'ச்சு' என்றால் 'இல்லை'. ஆங்கிலம் பேசும் நாடுகளில் அதே ஒலி கண்டிப்பின் அடையாளம். நம் பாட்டிமாருக்கோ அது இரக்கத்தின் ஒலி. எட்வர்டு ஹால் என்ற அமெரிக்க அறிஞர் 1959-இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதி, அதற்கு 'மௌன மொழி' என்று பொருள்படும் பெயரிட்டார்.

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? தொல்காப்பியர் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தார். திருக்குறளில் 'குறிப்பறிதல்' என்ற பெயரில் இரண்டு அதிகாரங்கள் உள்ளன: 71, 110. திருவான்மியூரில் உள்ள கலாக்ஷேத்திரத்தை ருக்மிணி தேவி 1936-இல் தொடங்கினார். அங்கு நடனம் பயிலும் மாணவியர் கை முத்திரைகளை ஆண்டுக்கணக்கில் கற்கின்றனர். ஒற்றைக் கை முத்திரைகளை மட்டுமே 28 என்று அபிநய தர்ப்பணம் கணக்கிடுகிறது. மேடையில் ஆடும் கைகளைப் புரிந்துகொள்ளவே இத்தனை பாடம் வேண்டும் என்றால், வேறு மண்ணில் வளர்ந்த ஒரு பெண்ணின் கண்களை எந்தப் பாடமும் இன்றிப் படித்துவிட்டதாக நான் நினைத்தது எவ்வளவு பேதைமை!

அன்றிரவு பாட்டியின் கட்டிலருகே அமர்ந்தேன். "பாட்டி, கனடாவில் பெரியவங்க கண்டிக்கும்போது கண்ணைப் பார்க்கணுமாம். தலை குனிஞ்சா எதையோ மறைக்கிறான்னு நினைப்பாங்களாம். அக்கா உங்களுக்கு மரியாதைதான் கொடுத்தா. திமிர்னு நான் சொன்னதுதான் தப்பு" என்றேன்.

பாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அது தெரியாம இத்தனை நாளா பிள்ளைகிட்ட முகம் கொடுத்துப் பேசலியே" என்றார். சற்றுக் கழித்து அவராகவே சிரித்தார். "எனக்குக் கல்யாணமான புதுசுல, பூசையில கைகூப்பி சமாதானம் சொல்லலாம்னு வந்தப்போ, எங்க மாமியார் ஒத்துக்கவே இல்ல. இது என்ன புதுப் பழக்கம்னு ஒரு வருஷம் கையைக் கட்டிக்கிட்டே நின்னாங்க. அவங்க பேத்தி வீட்டுல நானும் அப்படியே நின்னுட்டேன் பாரு!"

அக்காவிடமும் உச்சுக் கொட்டலின் பொருளைச் சொன்னேன். "அப்போ பாட்டி எனக்காக வருத்தப்பட்டாங்களா?" என்று இரண்டு முறை கேட்டாள். மறுநாள் காலை அவளாகவே பாட்டியின் அறைக்குப் போய், கை முறிந்த கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பாட்டி உச்சுக் கொட்டிய ஒவ்வொரு முறையும் அவள் முகம் மலர்ந்தது.

புறப்படும் நாளும் வந்தது. வாசலில் வண்டி நின்றது. பாட்டி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வெள்ளைக்காரரைப் போல வலக்கையை நீட்டினார். அதே நேரத்தில் அக்கா கைகூப்பி வணங்கினாள். மறுபடியும் இருவர் கைகளும் சந்திக்கவில்லை! வீடே சிரித்தது. பின்பு அக்கா தலையைக் குனிய, பாட்டி அவள் நெற்றியில் சிலுவை அடையாளமிட்டு, இரு கன்னங்களையும் வழித்துத் தம் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். விரல்கள் படபடவென்று சொடுக்கின. "இதுக்கு என்ன அர்த்தம்?" என்று அக்கா என்னைப் பார்த்தாள். "உன் மேல யார் கண்ணும் படக்கூடாதுன்னு அர்த்தம்" என்றேன். அவள் பாட்டியை இறுகக் கட்டிக்கொண்டாள். அதற்கு யாரும் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அன்புத் தோழியரே, நம் பேராலயத்தில் கல்லறை கொண்டுள்ள புனித தோமையார் சொல்லைக் கேட்டு நம்பவில்லை. ஆண்டவர் அவரைக் கடிந்து தள்ளிவிடாமல், கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தோமையாருக்குப் புரியும் மொழி அதுவே அன்றோ? நம் வகுப்புகளிலும் வெளிமாநிலத்திலிருந்து, வெளிநாட்டிலிருந்து வந்த தோழியர் இருக்கின்றனர். அவர்கள் பார்வையையோ கையசைவையோ கண்டவுடன் தீர்ப்புச் சொல்லாமல், "இதற்கு உங்கள் ஊரில் என்ன பொருள்?" என்று முதலில் கேட்போம். அந்த ஒரு கேள்வியை நான் கேட்டிருந்தால், பாட்டிக்கும் பேத்திக்கும் இடையே வீணான நாட்கள் வீணாகியிருக்கமாட்டா.