கரடி பார்த்த கொழும்பு



பிரயாணப் பை கட்டும்போது வீட்டில் எழும் சச்சரவுகளில் பாதி, பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்களால் வருபவை. உடுப்புக்கே இடமில்லாத பையில் ஒரு முழக் கரடிப் பொம்மையை எங்கே திணிப்பது? 2023ஆம் ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, கிழக்கிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் புறப்பட நின்ற எங்கள் வீட்டிலும் இதே பிரச்சினைதான். ஆறு வயது மகளுக்குத் திங்கட்கிழமை மாறுகண் சத்திரசிகிச்சை. அதற்கு முன் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நகரத்தைச் சுற்றிக் காட்டுவதாக வாக்களித்திருந்தேன்.

வழியனுப்ப வந்த மாமி கேட்டார்: "மௌலவிட மகள் கரடியத் தூக்கிக்கிட்டு கொழும்புக்குப் போறதா? உருவப் பொம்மை ஹறாமில்லையா, மருமகன்?"

நியாயமான கேள்வி. உங்களில் பலரும் கேட்பதுதான். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் சிறுமியாக இருந்தபோது பொம்மைகள் வைத்து விளையாடியது புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வந்துள்ளது. அவர்களுடைய பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரையொன்று இருந்ததையும், அது பற்றி அவர்கள் சொன்ன பதிலைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் சிரித்ததையும் அபூதாவூத் அறிவிக்கிறார். இதைக் கொண்டே உலமாக்களில் பலர் சிறுபிள்ளைகளின் பொம்மைக்குச் சலுகை அளித்தனர். பேணுதலுக்காகத் தவிர்க்கச் சொன்னவர்களும் உண்டு. கண்ணாடி அலுமாரியில் அழகுக்கு வைக்கும் சிலை வேறு, பிள்ளையின் கைக்குள் நசுங்கும் துணிப் பொம்மை வேறு என்பதே நான் மாமிக்குச் சொன்னது.

பஸ்ஸில் மகளுக்கு அந்தக் கரடியின் பிறப்பைச் சொன்னேன். 1902 நவம்பரில் அமெரிக்க ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் மிஸிஸிப்பியில் வேட்டைக்குப் போனார். கூடப் போனவர்கள் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டிவிட்டுச் சுடும்படி அழைத்தார்கள். கட்டிப்போட்டதைச் சுடமாட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். கிளிஃபர்ட் பெரிமன் அதைக் கேலிச்சித்திரமாக 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகையில் வரைந்தார். அதையொட்டி நியூயோர்க், புரூக்ளினில் கடை வைத்திருந்த மோரிஸ் மிச்டமும் மனைவியும் துணிக் கரடி தைத்து, ஜனாதிபதியின் செல்லப் பெயரான 'டெடி'யை அதற்கு வைத்தார்கள். (காயப்பட்டுக் கிடந்த அந்தக் கரடியைப் பின்னர் கத்தியால் கொன்றார்கள். அதை மகளிடம் சொல்லவில்லை.)

கொழும்பில் நான் கண்டதைக் கேளுங்கள். காலிமுகத் திடலில் கடலைக் கண்டதும் மகள் கரடியை உயர்த்தி, அதன் முகத்தை அலைப்பக்கம் திருப்பி, "பார்" என்றாள். 350 மீற்றர் உயரமான தாமரைக் கோபுரத்தின் மேலேயும் அதன் மூக்கைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்தாள். புறக்கோட்டையில் 1909இல் கட்டிமுடிக்கப்பட்ட சிவப்புப் பள்ளியின் முன்னாலும் அப்படியே. ஊரில் அவள் தலை நிமிர்ந்து யாரையும் பார்ப்பதில்லை. பாடசாலையில் கண்ணைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். அந்நிய முகங்கள் நிறைந்த நகரத்தில் கரடியை முன்னால் பிடித்து, அதன் தலைக்கு மேலால் அவளும் பார்த்தாள்!

வின்னிகொட் என்ற ஆங்கிலேயக் குழந்தை வைத்தியர் 1953இல் வெளியான கட்டுரையில் இதுபோன்ற பொருள்களைப் பற்றி எழுதினார். தாயின் மடிக்கும் வெளியுலகத்துக்கும் நடுவே பிள்ளை பிடித்துக்கொள்ளும் கைப்பிடி அது என்பது அவர் கருத்தின் சாரம். தாய்மார் வாசிக்காமலே அறிந்த விடயம்.

லுஹருக்குப் பெண்களுக்கு இடமுள்ள ஒரு பள்ளிக்குப் போனோம். தொழும் இடத்தில் உருவம் முன்னால் இருக்கலாகாது என்பதால் கரடியைப் பைக்குள் வைத்து ஸிப்பை மூடினாள் உம்மா. "மூச்சு முட்டுமா, வாப்பா?" என்று மகள் கேட்டாள். ஸிப்பை நாலு விரல் திறந்து வைத்தோம்.

நெரிசலில் பொம்மை தொலைந்தால் இரவெல்லாம் அழுகைதான். என் மனைவி புறப்படும் முன்பே கரடியின் பாதத்தில் எங்கள் தொலைபேசி இலக்கத்தை நூலால் தைத்திருந்தார். பிள்ளைகளோடு பயணம் போகும் சகோதரிகள் இதைச் செய்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

திங்கட்கிழமை காலை மகள் பட்டினியோடு கட்டிலில் இருந்தாள். பயத்தில் கால்கள் நடுங்கின. வயதான தாதியொருவர் வந்தார், சிங்களப் பெண்மணி. தமிழ் அரைகுறை. கரடியைக் கண்டதும் சிரித்து, பஞ்சும் பிளாஸ்டரும் எடுத்துக்கொண்டு வந்து, "இவருக்கு எந்தக் கண்?" என்று கேட்டார். மகள் நிமிர்ந்து அவரைப் பார்த்து, கரடியின் இடது கண்ணில் விரல் வைத்துக் காட்டினாள்.