பேசாதே என்றவன், பேசு என்றவன்

ஏப்ரல் 13, போப்பாண்டவர் முதலாம் மார்ட்டினின் நினைவு நாள். பூசையில் அவர் பெயர் வந்தாலும் வரும், விட்டாலும் போகும். கட்டாயத் திருநாள் இல்லை. எனக்கு அவரை அப்படி விட மனம் வருவதில்லை.

*

கிறிஸ்துவுக்கு இறைச் சித்தம், மனித சித்தம் என்று இரண்டு உண்டா, ஒன்றுதானா? இதைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாதென்று 648-இல் சக்கரவர்த்தி இரண்டாம் கான்ஸ்டன்ஸ் ஆணை போட்டார். மறு வருஷமே மார்ட்டின் ரோமில் நூற்றுக்கும் மேற்பட்ட ஆயர்களைக் கூட்டி, இரண்டு உண்டு என்று அறிவித்து, ஆணையையும் கண்டித்தார்.

*

653 ஜூனில் சக்கரவர்த்தியின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள். நோயோடு லாத்தரன் கோயிலுக்குள் படுக்கையில் கிடந்தவரை. 47 நாளாகக் குளிக்கத் தண்ணீர் தரவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதுகிறார். கான்ஸ்டான்டிநோபிள் விசாரணையில் விசுவாசத்தைப் பற்றிப் பேச வாயெடுத்ததும் தடுத்துவிட்டார்கள். இது ராஜத் துரோக வழக்கு, அதை இங்கே கொண்டுவராதே என்று. அவரை உள்ளுக்குள் கொன்றது அந்த ஒரு வார்த்தைதான் என்பேன்.

*

மார்ட்டினை நினைக்கும்போது இன்னொருவரும் நினைவுக்கு வருகிறார். இங்கே மலேசியாவில், ஜப்பானியர் ஆட்சியில் பத்து காஜா சிறையில் இருந்தவர் சிபில் கார்த்திகேசு. பக்கத்துப் பப்பானில் ஜப்பானியரை எதிர்த்துக் காயம்பட்ட கெரில்லாக்களுக்கு மருந்து போட்டார். ஒளித்துவைத்த ரேடியோவில் பிபிசி கேட்டார். அந்த ரேடியோவுக்கு ஜோசபின் என்று பெயர் வைத்திருந்தார்கள். 1943-இல் கைதானார். நகத்தைப் பிடுங்கினார்கள். சின்ன மகள் டோனை அவர் கண்ணெதிரே மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, கீழே நெருப்பு மூட்டப் போனார்கள். அப்போதும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆயுள் தண்டனை.

*

சக்கரவர்த்தி கேட்டது மௌனம், மார்ட்டின் பேசினார். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பெய்தாய் கேட்டது பேச்சு. சிபில் வாயைத் திறக்கவில்லை. இருவர் மேலும் விழுந்தது எதிரிக்குத் துணைபோன குற்றம். தன் மனசாட்சி தன்னிடமே இருக்க வேண்டும் என்றவர்களுக்கு அரசாங்கத்திடம் வேறு பெயர் இல்லை போலும்.

*

கிரிமியாவின் செர்சோனுக்கு நாடு கடத்தப்பட்ட மார்ட்டின், ரொட்டியைப் பற்றிப் பேச்சு உண்டு, ரொட்டியைக் கண்ணால் காணோம் என்று எழுதினார். நண்பர்கள் மறந்துவிட்டதைத்தான் அதைவிடத் தாங்க முடியவில்லை. அவர் உயிரோடிருக்கும்போதே ரோம் புதிய போப்பாக யூஜினைத் தேர்ந்துவிட்டது. யூஜினுக்காகவும் அவர் மன்றாடினார். 655 செப்டம்பரில் அங்கேயே இறந்தார்.

சிபிலை நம் ஊர் அப்படி விட்டுவிடவில்லை. 1948 ஜூன் 12-இல் ஸ்காட்லாந்தில் இறந்தவரின் உடலை மறு வருஷம் ஈப்போவுக்குக் கொண்டுவந்து, ஊரே திரண்டு அடக்கம் செய்தது.