கடைசி வாங்கு மாணவன்

நமது வகுப்பிலே கடைசி வாங்கில் ஒரு மாணவன் இருந்தான். ஒன்றை வினவினால் வேறொன்றுக்கு விடை பகர்வான். கவனமற்றவன் எனப் பலமுறை கடிந்தோம். ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்று எள்ளியதும் உண்டு.

எசலப் பெரஹரா இரவொன்றில், கண்டி வீதியோரத்திலே அவனைக் கண்டோம். மேளவொலிக்கு அவன் விரல்கள் தாளம் பிசகாது அசைந்தன. “வகுப்பிலே மாத்திரம் கேளாதோ?” என்றோம்.

“உங்கள் குரல் கேட்கிறது, ஐயா, சொல்தான் விளங்குவதில்லை” என்றான்.

நாம் திடுக்குற்றோம். மறுவாரமே வைத்தியசாலைக்கு அழைத்துச் சென்றோம். ஓசை புகாத அறையில் அமர்த்தி, 250 முதல் 8,000 ஹேர்ட்ஸ் வரையான தொனிகளை ஒவ்வொன்றாய் எழுப்பி, கேட்டவுடன் பொத்தானை அழுத்தச் செய்தனர். தாழ்ந்த தொனிகள் செவ்வனே கேட்டன. உயர்ந்தவையோ 60 டெசிபெல் வலிமையின்றிக் கேட்கவில்லை. மேளத்தின் முழக்கமும் உயிரெழுத்துகளின் வலிமையும் பெரும்பாலும் தாழ்ந்த தொனிகளைச் சார்ந்தவை. ச, த முதலிய மெய்களைப் பிரித்துணர்த்துவன உயர் தொனிகள். ஆதலின் குரல் கேட்டும் சொல் மயங்கிற்று.

உட்செவியில் ஒலியை நரம்புக்கு உணர்த்தும் நுண்ணிய மயிர்க்கலங்கள் அழிந்தால் மீள முளைப்பதில்லை. ஆயினும் செவிக்கருவி பெரிதும் துணைபுரியும்.

இன்று அவன் செவிக்கருவியுடன் முதல் வாங்கில் இருக்கிறான். நாம் அவன் முகம் நோக்கிப் பேசுகின்றோம். பெற்றோரே, ஆசிரியரே, பிள்ளையை மந்தனென்று பழிக்குமுன் அவன் செவியைச் சோதிப்பியுங்கள். அன்று கேளாதிருந்தவன் அவன் மட்டுமல்லன், நாமுமே.