மோட்டார் நின்ற பிறகு

மரக்காணத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் உப்பளப் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன. கடல் பக்கம் திரும்பினால் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே நீளமான கொட்டகைகள். இறால் குஞ்சு பொரிப்பகங்கள். கூனிமேடு, அனுமந்தை என்று தெற்கேயும் இவை தொடர்கின்றன. 2009இல் வனாமி இறாலுக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்த பிறகு இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. வெளிநாட்டிலிருந்து விமானத்தில் வரும் தாய் இறால்கள் சென்னை நீலாங்கரையில் உள்ள தனிமைப்படுத்தும் மையத்தில் நோய்ச் சோதனை முடிந்த பின்பே பொரிப்பகங்களுக்குக் கிடைக்கும். அவ்வளவு செலவில் வந்த உயிரை இரவும் பகலும் காப்பாற்றுபவர்கள் தண்ணீர் பார்க்கும் தொழிலாளர்கள். அவர்களின் வேலையைப் பார்க்கத்தான் அங்கே போயிருந்தேன்.

தாய் இறால் அறையில் வெளிச்சம் மிகக் குறைவு. வட்டத் தொட்டிகளில் தண்ணீர் ஓயாமல் சுழல்கிறது. ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு நிற்கும் குழாய். அதன் வாயைத் தாண்டும் தண்ணீர் வழிந்து, கழிவுநீர்க் குழாய் வழியாகக் கீழே இருக்கும் சம்ப் என்னும் சேகரிப்புத் தொட்டிக்குப் போகிறது. அங்கே வடிகட்டிகளைக் கடந்ததும் மோட்டார் அதை மறுபடி தொட்டிகளுக்கு ஏற்றுகிறது. எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் வரை இதில் கோளாறு எதுவும் கண்ணுக்குப் படாது.

“கரண்ட் போனா என்ன ஆவும்னு பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு, மூத்த தொழிலாளி ஒருவர் மோட்டாரை நிறுத்தினார். தொட்டிகளின் நீர்மட்டம் மெல்ல இறங்கி, குழாய் வாயோடு வந்து நின்றது. சம்ப்பில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. 4 மீட்டர் விட்டமுள்ள தொட்டியில் 1 சென்டிமீட்டர் உயரத் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 125 லிட்டர். பத்துத் தொட்டிகளிலிருந்து அவ்வளவு இறங்கினாலே 1,250 லிட்டர். அந்த இடம் சம்ப்பில் காலியாக இல்லாவிட்டால் தரையெல்லாம் தண்ணீர்தான்.

சம்ப்பின் உட்சுவரில் சிவப்புப் பெயின்டில் ஒரு கோடு. மோட்டார் ஓடும்போது அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் நிற்கக்கூடாது. புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் சம்ப் பாதிதான் இருக்கிறதே என்று நிரப்பிவிடுவார்களாம். அதனால் முதல் நாளே காட்டிக்கொடுக்கும் பாடம் அந்தக் கோடு.

இதைவிடப் பெரிய ஆபத்து திரும்பி ஏறும் குழாயில் இருக்கிறது. அதன் முனை தொட்டித் தண்ணீருக்குள் ஆழமாக மூழ்கியிருந்தால், மோட்டார் நின்றதும் ஓட்டம் திசை மாறி, மேலே இருக்கும் தண்ணீரைச் சம்ப்புக்கு உறிஞ்சி இறக்கிவிடும். முனை வெளியே தெரிந்து காற்று புகும் வரை அது நிற்காது. 10 சென்டிமீட்டர் மூழ்கியிருந்தால் ஒரே தொட்டியிலிருந்து 1,250 லிட்டர்! குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே ஒரு சின்னத் துளை போட்டிருந்தார்கள். மட்டம் கொஞ்சம் இறங்கியதும் துளை வழியே காற்று நுழைந்து உறிஞ்சல் அறுந்துவிடுகிறது. அந்தத் துளையை ஒரு பெண் தொழிலாளி கம்பியால் குத்திச் சுத்தம் செய்தார். பாசியும் உப்பும் அடைத்துக்கொண்டால் துளை இருந்தும் பயனில்லை. திரும்பாமல் தடுக்கும் வால்வு போட்டால் போதாதா என்று கேட்டேன். “மணல் ஒண்ணு மாட்டுனா வால்வு மூடாது சார். தொளைக்கு அந்தக் கவலை இல்ல” என்றார்.

வழியும் குழாயின் கோளாறு வேறு விதம். அதன் மேல் வலை சுற்றியிருக்கும். இறால் உரித்த தோலும் மிச்சத் தீனியும் வலையில் ஒட்டினால் தண்ணீர் இறங்க வழியின்றித் தொட்டி விளிம்பைத் தாண்டும். அதற்காகவே இன்னொரு குழாயைச் சற்று உயரத்தில் வைத்திருக்கிறார்கள். அகலக் கண் வலை போட்ட அதில் சாதாரண நாளில் ஒரு சொட்டுக்கூட இறங்குவதில்லை. குழாய் ‘களக் களக்’ என்று சத்தம் போட்டால், கிடைக்குழாயில் எங்கோ காற்று சிக்கியிருக்கிறது என்று காதாலேயே கண்டுபிடிக்கிறார்கள். அந்த இடத்தில் மேல்நோக்கி ஒரு திறந்த குழாயைப் பொருத்தினால் காற்று வெளியேறி ஓட்டம் சீராகும்.

மறுபடி மின்சாரம் கிடைத்ததும் சுவிட்சைப் போட்டால் முடிந்தது என்று நினைக்கக்கூடாது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் முதலில் காற்று ஊதும் ப்ளோயர். இறாலுக்கு மூச்சு அதுதான். பிறகே மோட்டார்கள், அவையும் ஒவ்வொன்றாக. மோட்டார் கிளம்பும் நொடியில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் ஜெனரேட்டர் தாங்காது. உறிஞ்சு குழாயின் அடிமுனையில் உள்ள ஃபுட் வால்வில் மணல் சிக்கி, குழாயில் தண்ணீர் இறங்கியிருந்தால், மோட்டார் சுற்றும், ஆனால் தண்ணீர் ஏறாது. ஊற்றி நிரப்பி, காற்றை வெளியேற்றி, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். தொட்டிகள் நிரம்பி வழியத் தொடங்கும் வரை சம்ப் வற்றிக்கொண்டே போகும் என்பதால், யாராவது ஒருவர் அதன் பக்கத்திலேயே நிற்கிறார்.

ஓட்டம் நெடுநேரம் நின்றிருந்தால் இன்னொரு எச்சரிக்கை உண்டு. வடிகட்டியில் வாழும் நுண்ணுயிரிகளுக்கும் ஆக்சிஜன் வேண்டும். தேங்கிய தண்ணீரில் அவை செத்து, அழுகிய முட்டை நாற்றம் வரும். அந்த முதல் தண்ணீரைத் தொட்டிக்கு விடாமல் வெளியே திறந்துவிடுகிறார்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது இந்தக் கரையோரம் மழையிலும் காற்றிலும் சிக்கித் தவித்தது. இப்படிப்பட்ட இரவுகளில் ஒரு பொரிப்பகம் பிழைப்பதும் அழிவதும் இந்த வரிசை தெரிந்த ஓரிருவர் அங்கே இருப்பதைப் பொறுத்ததுதான்.

வீட்டுக் கண்ணாடித் தொட்டியின் அடியில் சம்ப் வைத்திருப்பவருக்கும் இதே விதிகள்தான்: துளை போடுங்கள், கோடு கிழியுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சுவிட்சை அணைத்துப் பாருங்கள். பொரிப்பக முதலாளிகளிடம் சொல்ல ஒன்று உண்டு. புதுக் கொட்டகைக்குக் குழாய் வரைபடம் போடும் மேசையில் இரவுப் பணியாளருக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். தண்ணீர் எங்கே திரும்பும், எங்கே அடைக்கும் என்று அவருக்குத் தெரியும். அந்த அறிவுக்கு எடுபிடிக் கூலி கொடுப்பது நியாயமில்லை. தொழில்நுட்பப் பணிக்கு உரிய சம்பளமும் பதவிப் பெயரும் கொடுக்க வேண்டும்.