போத்தலின் பெயரும் நாவின் தீர்ப்பும்

ஒரு பொருளின் தரத்தை அறிய விழைவோர் இருவகை வழிகளை மேற்கொள்வர். பொருளையே எடுத்து, கண்ணாலும் மூக்காலும் நாவாலும் ஆராய்ந்து முடிவு செய்வது ஒரு வழி. அதன் பெயர் யாது, விலை யாது என விசாரித்து, அவற்றைக் கொண்டு தரத்தை மதிப்பது மற்றொரு வழி. சேலை வாங்கும் பெண்மணியும் பேனை வாங்கும் மாணவனும் இவ்விரண்டையும் கலந்தே கையாளுகின்றனர். ஆயின் இவ்விரு வழிகளுக்குமிடையே ஓயாத வழக்கு நடைபெறும் நகரம் ஒன்று உண்டு. பிரான்சு தேசத்தின் தென்மேற்கே, அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அணித்தாக அமைந்துள்ள போர்தோ நகரமே அது. அங்கே வழக்குப் பொருள் முந்திரிகை மது. நீதிபதிகள் அதனைச் சுவைத்து மதிப்பிடும் இரசிகர்கள்.

மதுவின் புகழைப் பாடுவதற்காக நாம் இதனை எழுதவில்லை. அது உடலுக்கு விளைக்கும் கேட்டினை அறிந்தே பிரான்சு அரசாங்கம் 1991 இல் சட்டமியற்றி மது விளம்பரங்களைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் ஒரு நகரம் முழுவதும் ‘எது நல்லது, எது அதன் விலைக்குத் தக்கது’ என்னும் வினாவைக் கொண்டே வாழ்ந்துவருவது, குடியாதவர்க்கும் சிந்தனைக்குரிய செய்தியன்றோ?

சந்திரத் துறை

கரோன் நதி போர்தோ நகரருகே பிறைச்சந்திரன்போல் வளைந்து செல்கிறது. அதனால் அத்துறைமுகத்தைச் ‘சந்திரத் துறை’ என வழங்குவர். நதிக்கரை நெடுகிலும் பதினெட்டாம் நூற்றாண்டில் எழுந்த பொன்னிறக் கல் மாளிகைகள் வரிசை பிசகாது நிற்கின்றன. 2007 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இந்நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மாளிகைகளின் அழகிலே மயங்கி நிற்கும் பயணி, அவற்றை எழுப்பிய செல்வத்தின் ஒரு பகுதி மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையாலும் அடிமை வாணிபத்தாலும் வந்ததென்பதை மறத்தல் ஆகாது. நகர நூதனசாலையே அதனை மறையாது காட்டுகிறது.

நதியோரத்தில் ஷார்த்ரோன் என்றொரு பகுதி உண்டு. மது வணிகரின் பண்டகசாலைகளும் நிலவறைகளும் நிறைந்திருந்த இடம் அது. போர்தோவின் மது வாணிபம் வளர்ந்த கதை ஒரு திருமணத்தோடு பிணைந்தது. 1152 இல் இந்நாட்டின் சீமாட்டி எலினோர், பின்னர் இங்கிலாந்தின் அரசனாகிய இரண்டாம் ஹென்றியை மணந்தாள். அன்றுதொட்டு 1453 வரை, ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள், இப்பிரதேசம் ஆங்கில முடிக்கு உரியதாயிருந்தது. ஆட்சி மாறிய பின்னரும் ஆங்கிலேயர் போர்தோ மதுவை மறந்திலர். 1663 இல் சாமுவேல் பீப்ஸ் என்பார், இலண்டனிலுள்ள சத்திரமொன்றிற் பருகிய ஓ-பிரியோன் மதுவைப் பற்றித் தமது நாட்குறிப்பிலே புகழ்ந்தெழுதினார். ஒரு தோட்டத்தின் பெயரைச் சுட்டி ஒருவர் எழுதிவைத்த மிகப் பழைய மதிப்புரைகளுள் அதுவும் ஒன்று.

கூழாங்கல்லில் விளையும் செல்வம்

நகரைவிட்டு வடக்கே சென்றால் மெதோக் என்னும் நிலப்பரப்பை அடையலாம். கரோன் நதியும் தோர்தோஞ் நதியும் கூடி உண்டாகும் ஜிரோந்து கழிமுகம் ஒருபுறம். சமுத்திரக் காற்றைத் தடுத்து நிற்கும் பைன் காடு மறுபுறம். எங்கள் யாழ்ப்பாணத்திலே முந்திரிகைக் கொடி பந்தலிற் படர்ந்து நிழல் தரும். இங்கோ கொடியை வெட்டி வெட்டிக் குறுக வைத்து, கம்பிகளில் வரிசை வரிசையாகக் கட்டியிருக்கிறார்கள்.

நிலத்தைக் குனிந்து பார்த்தால் மண்ணைவிடக் கூழாங்கல்லே மிகுதியாகத் தோன்றும். இதில் என்ன விளையும் என்று எமது கமக்காரர் எவரும் கேட்பர். ஆனால் இந்த ஏழை நிலமே முந்திரிகைக்கு ஏற்றது. கற்கள் பகல் வெப்பத்தைத் தம்முள் வாங்கி இரவிலே கொடுக்கின்றன. மழைநீர் தேங்காமல் வடிகிறது. வேர்கள் நீரைத் தேடி ஆழச் செல்கின்றன. முற்காலத்திற் பெரும்பகுதி சதுப்பாயிருந்த இவ்விடத்தைப் பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்த நிபுணர்கள் வாய்க்கால் வெட்டி வடித்தனர்.

புரட்டாதி, ஐப்பசி மாதங்களிற் பழம் கொய்யப்படுகிறது. சாறு புளித்து மதுவானபின் அதனை 225 லீற்றர் கொள்ளும் ஓக் மரப் பீப்பாய்களில் அடைத்து மாதக்கணக்காக வைப்பர். ஒரு பீப்பாயிலிருந்து முந்நூறு போத்தல்கள் கிடைக்கும். தோட்டத்தின் நடுவே நிற்கும் மனையை ‘ஷாத்தோ’ என்பர். கோட்டை என்பது அச்சொல்லின் பொருள். சில கோட்டைகள் உண்மையிற் கோட்டைகளே. சில வெறும் பண்ணை வீடுகள். ஆயினும் போத்தலில் ஒட்டிய சீட்டிலே எல்லாம் கோட்டைகள்தாம்!

விலை எழுதிய வரிசை

1855 இல் மூன்றாம் நெப்போலியன் பாரிஸ் மாநகரிலே உலகப் பொருட்காட்சி ஒன்றை நடத்தினான். போர்தோ மதுக்களைக் காட்சிக்கு வைப்பதற்கு ஒரு தர வரிசை வேண்டியிருந்தது. நகர வர்த்தகர் சங்கம் அப்பொறுப்பைத் தரகர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் ஏப்ரல் 18 ஆம் திகதி பட்டியலைக் கொடுத்தனர். அதற்கென அவர்கள் புதிதாகச் சுவைப் பரீட்சை எதுவும் நடத்தவில்லை. பல்லாண்டுகளாக எந்தத் தோட்டத்து மது என்ன விலைக்கு விற்றது என்ற கணக்கே அவர்களுக்குச் சாட்சியாயிற்று. செம்மதுத் தோட்டங்கள் ஐந்து வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டன. முதல் வகுப்பில் லாபீத், லாத்தூர், மார்கோ, ஓ-பிரியோன் என்னும் நான்கு பெயர்கள் இடம்பெற்றன.

இதைக் கேட்டதும், விலையே தரத்தைத் தீர்மானித்ததா என நாம் நகைத்தல் எளிது. ஆனால் விலை வானத்திலிருந்து விழுவதன்று. பல தலைமுறை வணிகர் சுவைத்துச் சுவைத்துக் கொடுத்த பணமே அது. பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான தோமஸ் ஜெபர்சன் 1787 இல் போர்தோவுக்கு வந்தபோது சிறந்தவையெனக் குறித்துக்கொண்டவையும் இதே நான்கு தோட்டங்களே. ஆகவே பெயர் என்பது பிறருடைய நாக்குகள் விட்டுச்சென்ற நினைவு எனலாம்.

குறை யாதெனில், நினைவு முதுமையடைகிறது. 1855 க்குப் பின் தோட்டங்கள் கைமாறின, எல்லைகள் விரிந்தன, சுருங்கின. பட்டியலோ ஏறக்குறைய அப்படியே நின்றது. 1973 இல் மூட்டோன் ரொத்ஷில்ட் என்னும் தோட்டம் இரண்டாம் வகுப்பிலிருந்து முதல் வகுப்புக்கு உயர்ந்ததே இதுகாறும் நிகழ்ந்த ஒரேயொரு பெரு மாற்றம். தோர்தோஞ் நதிக்கு அப்பாலுள்ள சென்-எமிலியோன் ஊரார் 1955 இல் தொடங்கிய தம் பட்டியலை ஏறக்குறைய பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திருத்திவருகின்றனர். அங்கோ நியாயத்தலங்களில் வழக்குகள் குவிந்தன. ஷெவால் பிளாங், ஓசோன் எனும் புகழ்பெற்ற இரு தோட்டங்கள் 2021 இல் பட்டியலைவிட்டே விலகின. திருத்தாவிடில் அநீதி; திருத்தினால் வழக்கு.

துணி மூடிய போத்தல்கள்

ஷார்த்ரோன் பகுதியில் ஒரு நிலவறையிலே மாலைப்பொழுதிற் கூடும் இரசிகர் குழுவொன்றைப் பார்க்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. எண்மர் மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர். நான்கு போத்தல்கள் துணியுறையால் கழுத்துவரை மூடப்பட்டு இலக்கமிடப்பட்டிருந்தன. ஒவ்வொருவர் அருகிலும் உமிழ்வதற்கொரு பாத்திரம். எங்கள் கொழும்பிலே தேயிலையைச் சுவைப்போர் ஒரு கரண்டி சாயத்தை உறிஞ்சி, வாயிலே சுழற்றி, உமிழ்ந்துவிட்டு அடுத்த கோப்பைக்குச் செல்வரன்றோ? இங்கும் அதே முறைதான். முதலில் நிறம், பின்பு மணம், அதன்பின்பே சுவை.

அக்குழுவின் விதி ஒன்று எம்மைக் கவர்ந்தது. எவரும் பேசுமுன் இருபதுக்கு எத்தனை புள்ளி என்று தாளில் எழுதிவிட வேண்டும். காரணம் கேட்டபோது, “முதலில் வாய் திறப்பவருடைய நாக்கு மற்றவர் வாய்க்குள்ளும் புகுந்துவிடும்” என்று ஒருவர் சிரித்தார்.

தாள்கள் வாசிக்கப்பட்டன. ஒருவர்க்குக் கறுத்த பழங்களின் மணமாயிருந்தது மற்றொருவர்க்கு ஈர மரத்தின் மணமாயிருந்தது. ஈற்றில் இரண்டாம் போத்தல் முதலிடம் பெற்றது. உறையை நீக்கியபோது, அது பட்டியலில் இடம்பெறாத சிறு தோட்டக்காரர் ஒருவருடையது; விலை 11 யூரோ. 90 யூரோ கொடுத்து வாங்கிய புகழ்மிக்க போத்தலோ மூன்றாமிடத்தில் நின்றது.

முதியவர் ஒருவர் எழுந்து, “இந்தப் பெரிய மது இன்னும் குழந்தை. பத்தாண்டு கழித்துச் சுவையுங்கள். குழந்தையைச் சாட்சிக்கூண்டில் ஏற்றி வழக்குப் பேசலாமோ?” என்றார். அவர் கூற்றில் உண்மை உண்டு. துவர்ப்பு மிக்க செம்மது காலத்தாற் கனிவது யாவரும் அறிந்ததே. அவர் எதிரே இருந்த அம்மையார் விட்டாரில்லை. “ஐயா, அவ்வாறாயின் அந்தப் பத்தாண்டுக் காத்திருப்பையும் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். எட்டு மடங்கு பணத்துக்கு எட்டு மடங்கு இன்பம் உண்டா என்பதே என் கேள்வி” என்றார். நள்ளிரவு வரையும் அவ்வழக்குத் தீரவில்லை.

நாவை ஏமாற்றும் கண்

இத்தகைய வழக்கு ஒருமுறை உலகறிய நடந்தது. 1976 மே 24 ஆம் திகதி, ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கில மது வணிகர் பாரிஸ் நகரிலே பிரெஞ்சு நிபுணர் ஒன்பதின்மரை அழைத்து, பிரெஞ்சு மதுக்களையும் அமெரிக்காவின் கலிபோர்ணிய மதுக்களையும் பெயர் மறைத்துச் சுவைக்கக் கொடுத்தார். செம்மதுவில் முதலிடம் பெற்றது கலிபோர்ணியாவின் ஸ்டாக்ஸ் லீப் தோட்டத்து 1973 ஆம் ஆண்டு மது. மூட்டோன் ரொத்ஷில்ட் இரண்டாமிடம், ஓ-பிரியோன் மூன்றாமிடம். வெண்மதுவிலும் கலிபோர்ணியாவே வென்றது. “எங்கள் மது முதுமையிற் சிறக்கும், பொறுத்துப் பாருங்கள்” என்று பிரெஞ்சுக்காரர் சிலர் வாதிட்டனர். முப்பது ஆண்டுகள் கழித்து 2006 இல் அதே செம்மதுக்களை மீண்டும் சுவைத்தபோதும் கலிபோர்ணியப் போத்தலொன்றே முதலிடம் பெற்றது.

இரசிகரின் கருவம் அடங்குதற்குப் போர்தோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சி ஒன்றையும் கூறலாம். அங்கு மதுவியல் பயின்ற மாணவர் 54 பேருக்கு ஒரு வெண்மதுவைக் கொடுத்தனர். மணமற்ற சிவப்புச் சாயம் கலந்த அதே வெண்மதுவையும் கொடுத்தனர். சிவந்த மதுவை அம்மாணவர் செம்மதுவுக்குரிய சொற்களாலேயே வருணித்தார்களாம்! 2001 இல் இது வெளியாயிற்று. அவர்கள் பொய் கூறினரல்லர். கண் முந்திக்கொண்டு மூக்குக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டது, அவ்வளவே. நிறமே இவ்வளவு செய்யுமாயின் பொன்னெழுத்துப் பெயர்ச்சீட்டும் விலையும் எவ்வளவு செய்யா!

வேரொடு பிடுங்கப்படும் கொடிகள்

இவையெல்லாம் பொழுதுபோக்கு விவாதம் என்று விட்டுவிடுதல் கூடாது. பெயர் பெற்ற முதல் வகுப்புப் போத்தல் பலநூறு யூரோவுக்கு விலைபோகிறது. அதே ஜிரோந்து மாவட்டத்திற் பெயர்பெறாத தோட்டக்காரர் தமது மதுவை மொத்த வணிகருக்கு 900 லீற்றர் கொண்ட ‘தொன்னோ’ கணக்கில் விற்கிறார். அண்மைய ஆண்டுகளில் சாதாரணச் செம்மதுவின் தொன்னோ விலை 1,000 யூரோவுக்கும் கீழே வீழ்ந்தது. லீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ ஒரு யூரோ. உழைப்புக் கூலிக்கும் அது போதாது. பிரெஞ்சு மக்கள் செம்மது அருந்துவதைக் குறைத்துக்கொண்டனர். சீனாவுக்குச் சென்ற ஏற்றுமதியும் தளர்ந்தது. 2022 டிசெம்பரில் தோட்டக்காரர்கள் போர்தோ வீதிகளில் ஊர்வலம் சென்று முறையிட்டனர். 2023 இல் சுமார் 9,500 ஹெக்டேயர் தோட்டங்களை அழிப்பதற்குத் திட்டமிடப்பட்டது. கொடிகளை வேரொடு பிடுங்குவோர்க்கு ஹெக்டேயருக்கு 6,000 யூரோ உதவித்தொகை.

உழுத வயல்போல் வெறுமையாய்க் கிடந்த அத்தகைய நிலமொன்றின் ஓரத்தில் நாம் நின்றோம். பிடுங்கிய அடிமரங்கள் குவியலாகக் கிடந்தன. அண்டைத் தோட்டத்தவர் எம்மிடம், “அந்த மது நல்லதுதான். பெயர்தான் இல்லை” என்றார். அதில் எவ்வளவு உண்மையென்று நாம் அறியோம். ஆயினும் பெயர் மறைத்துச் சுவைக்கும் அந்த எண்மர்போற் சிலர், பதினொரு யூரோப் போத்தலை விலைகொடுத்து வாங்கி, தாம் கண்டதை நண்பர்க்கு எடுத்துரைக்கும்போது, எங்கோ ஒரு சிறு தோட்டம் இன்னோர் ஆண்டு பிழைத்திருக்கிறது. அவர்கள் நடுவராயிருப்பதன் பயன் இதுவே.

எம் இளைஞர் கற்கவேண்டியது போர்தோவின் மதுவையன்று, அந்தத் துணியுறையையே. நூலாயினும் துணியாயினும், ஒரு மனிதரின் திறமையேயாயினும், பெயரைச் சிறிதுநேரம் மூடிவைத்து, பிறர் பேசுமுன் தம் தீர்ப்பைத் தாளிலே எழுதி, அதன்பின் உறையை நீக்கிப் பார்க்கட்டும். பெயரும் தீர்ப்பும் ஒத்துவரின் மகிழலாம். ஒத்துவராவிடில், எதனைத் திருத்துவது என்று அப்போது யோசிக்கலாம்.